கதிரின் படிவமும் பீரோ சாவியும்

மீனா: கதிரின் கார்ட் (சின்னத் திறந்த பந்தய வண்டி) பந்தயப் பயிற்சிப் படிவம் நாளை மாலைக்குள் போக வேண்டும். நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. நேற்று ராத்திரி டிவியில் கார் பந்தய வரலாறு என்று ஒரு ஆவணப்படம் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருவர் செத்துப்போகிறார்.

வினோத்: மீட்டிங். அப்புறம்.

மீனா: எப்போதும் அப்புறம்தான்.

ராஜி: ஐயோ நானும் பார்த்தேன். அந்த எரிகிற கார்!! தூக்கமே இல்லை

ராஜி: அது இருக்கட்டும், அம்மா பீரோ சாவி யாரிடம்?

சேகர்: மீனா, அவசரப்படாதே. நீங்கள் பார்த்தது 1973, நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட். ஓட்டுநர் ரோஜர் வில்லியம்சன். கார் தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பிடித்தது. டேவிட் பர்லி என்ற இன்னொரு ஓட்டுநர் தன் காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து, ஒற்றை ஆளாக அதை நிமிர்த்தப் பார்த்தார். முடியவில்லை.

முருகன் சித்தப்பா: சேகர் ஆரம்பித்துவிட்டான். எல்லோரும் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

மீனா: அதேதான் அண்ணா. மற்ற கார்கள் எல்லாம் பக்கத்திலேயே போய்க்கொண்டே இருக்கின்றன. ஒருத்தர்கூட நிற்கவில்லை. என்ன மனிதர்கள்!

சேகர்: படம் அந்த இடத்தில்தான் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டது. வெளியே நின்றிருந்த பர்லியைத்தான் எரியும் காரின் ஓட்டுநர் என்று மற்றவர்களில் பலர் நினைத்தார்கள். ஆள் தப்பிவிட்டார் என்று போய்விட்டார்கள். மார்ஷல்களுக்கு, அதாவது தடத்தோரப் பாதுகாப்பு ஊழியர்களுக்கு, தீ தாங்கும் உடை கிடையாது, கிட்டே போக முடியவில்லை. பந்தயத்தையும் நிறுத்தவில்லை. ஏற்பாடு இல்லாமல் போன உயிர் அது. டிவியில் கல்நெஞ்சம் மாதிரித் தெரிகிறது.

திவ்யா: அதை விளக்கினால் அழுகைக் காட்சி கெட்டுப்போகும் மாமா. நான் நாள் முழுக்க எடிட்டிங் செய்கிறவள். ஒரு வயலின், ஸ்லோ மோஷன், அப்புறம் கறுப்புத் திரை. முடிந்தது.

முருகன் சித்தப்பா: [காலை வணக்கம் படம்]

ராஜி: சித்தப்பா மணி ஏழு. ராத்திரி ஏழு.

சேகர்: ஜாக்கி ஸ்டூவர்ட் என்ற ஓட்டுநரை எடுத்துக்கொள். 1966, பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத் தடம், மழை. நொறுங்கிய காருக்குள் பெட்ரோலில் நனைந்தபடி சுமார் 25 நிமிடம் மாட்டிக்கொண்டார். ஸ்டியரிங்கைக் கழற்றினால்தான் வெளியே எடுக்க முடியும். ஸ்பேனர் இல்லை! சக ஓட்டுநர்கள் கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்டும் வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் கடன் வாங்கிக் கழற்றினார்கள். அதற்கப்புறம் அவர் காரில் எப்போதும் ஒரு ஸ்பேனர் ஒட்டியிருக்கும். 1969-ல் அதே ஸ்பாவில் பாதுகாப்பு போதாது என்று ஓட்டுநர்கள் மறுத்துவிட்டார்கள், அந்த வருடம் அங்கே பந்தயமே நடக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று ஸ்டூவர்ட்டைத் திட்டாதவர்கள் குறைவு. நேற்றைய படத்தில் இதெல்லாம் எத்தனை நிமிடம் வந்தது?

ராஜி: ஸ்பேனர் வரவில்லை

திவ்யா: தடுப்புச் சுவருக்காகச் சண்டை போட்டதை எல்லாம் யார் காட்டுவார்கள்? 1994 இமோலா பந்தயம் என்றால் அதில் இறந்த சென்னா மட்டும்தான். அதற்கு முந்தைய நாள் தகுதிச்சுற்றில் இறந்த ரட்சன்பெர்கர் ஒரே வரியில் போய்விடுவார்.

மீனா: சரி, அதெல்லாம் பழைய கதை. 2020? பஹ்ரைனில் அந்த நெருப்புப் பந்து?

சேகர்: ரொமேன் குரோஜான். 28 விநாடி நெருப்புக்குள் இருந்துவிட்டுத் தானாகவே ஏறி வெளியே வந்தார். ஒரு ஷூ உள்ளேயே மாட்டிக்கொண்டது. தலையைக் காப்பாற்றியது ஹேலோ, ஓட்டுநரின் தலையைச் சுற்றியிருக்கும் உலோக வளையம். 2018-ல் அதைக் கட்டாயமாக்கியபோது வேண்டாம் என்றவர்களில் அவரும் ஒருவர்! படத்தில் இதை அதிசயம் என்கிறார்கள். என்ன அதிசயம்? 1978-ல் இத்தாலியின் மோன்சாவில் பீட்டர்சன் என்ற ஓட்டுநரின் விபத்தில் உதவி வரத் தாமதமானது. அதற்கப்புறம்தான் முதல் சுற்றில் மருத்துவரோடு ஒரு கார் பின்னாலேயே போகிறது. பஹ்ரைனில் அந்தக் கார் சில விநாடியில் வந்து நின்றது.

திவ்யா: அன்று நேரலையில் அவர் பிழைத்தது தெரிந்த பிறகுதான் ரீப்ளே போட்டார்கள். அது சரி. அப்புறம் போட்டுக்கொண்டே இருந்தார்கள், சக ஓட்டுநர் ரிக்கார்டோ கடுப்பாகிவிட்டார்.

முருகன் சித்தப்பா: சேகரின் பைக்குக்கும் அண்ணன் ஒரு ஹேலோ போட்டார். பூட்டு 😂

சேகர்: சித்தப்பா, அது வேண்டாம்.

மீனா: ஏன் வேண்டாம்? உன் முட்டிக்குத் தையல் போட்டபோது உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். எனக்குப் பன்னிரண்டு வயது. நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

ராஜி: மீனா விடு

சேகர்: அன்று ஹெல்மெட் டேங்க் மேல் இருந்தது. தலையில் இல்லை. அப்பாவிடம் நான் அதைச் சொன்னதே இல்லை.

முருகன் சித்தப்பா: அண்ணனுக்குத் தெரியும்டா.

மீனா: சரி. பயிற்சி இடத்தில் மருத்துவர் இருப்பாரா? ஆம்புலன்ஸ்?

கதிர்: இருக்கும் அம்மா. ஹெல்மெட், கழுத்துக் காலர், விலாக் கவசம் எல்லாம் தருவார்கள். சீட் பெல்ட் மட்டும்தான் கிடையாது

மீனா: என்ன கிடையாது?

சேகர்: டேய்.

சேகர்: மீனா, கார்ட்டில் தலைக்கு மேல் கூண்டு இல்லை. கவிழ்ந்தால் பெல்ட் போட்டவன் அடியில் மாட்டிக்கொள்வான். அதனால்தான். அந்தக் காலத்தில் பெரிய பந்தயக்காரர்களே தீக்குப் பயந்து பெல்ட் போட மாட்டார்கள், தூக்கி எறியப்பட்டால் பிழைக்கலாம் என்று...

மீனா: தூக்கி எறியப்பட்டாலா??

திவ்யா: மாமா, போதும். ப்ளீஸ்.

வினோத்: மீட்டிங் முடிந்தது. என்ன முடிவு?

ராஜி: பீரோ சாவி!!

முருகன் சித்தப்பா: சேகரின் பைக் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்திருந்தது. அதற்குமேல் என்னைக் கேட்காதே.

மீனா: நாளைக் காலையில் அந்தப் பயிற்சியாளரிடம் நானே பேசுகிறேன். அதுவரை படிவத்தை யாரும் தொடக்கூடாது.

கதிர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: பார்த்துவிட்டேன் கதிர். அப்பா கையெழுத்து மட்டும் போதாது.