புதுப்பிப்பு: விண்டோஸ் 10-இல் கேபி5034441 ஏறாத சிக்கல், காரணமும் வழியும்

2024 ஜனவரியில் வந்து, அதே ஆண்டு ஆகஸ்ட்டில் விலக்கப்பட்ட இந்தப் பாதுகாப்பு அப்டேட் 80070643 என்ற பிழையோடு திரும்பத் திரும்பத் தோற்றதைப் பற்றியது முந்தைய இழை. காரணம் இடப் பற்றாக்குறை. ரெக்கவரி பார்ட்டிஷனில் (விண்டோஸ் பழுதானால் மீட்கும் கருவிகள் இருக்கும் டிஸ்க் பகுதி) 250 எம்பி காலியாக இருக்க வேண்டும். பழைய நிறுவல்கள் பலவற்றில் அது மொத்தமே 500 எம்பி அளவுதான். பிழைச்செய்தி இதைச் சொல்வதே இல்லை. அதை நம்பி விண்டோஸையே மறுபடி நிறுவாதீர்கள்.

தானியங்கித் தீர்வு வராது என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லிவிட்டது. கையால்தான் செய்ய வேண்டும்.

முதலில் பேக்கப், பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் மறையாக்கப் பூட்டு) இருந்தால் ரெக்கவரி கீயையும் எழுதி வையுங்கள். அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் ரீஏஜென்ட்சி (reagentc) கட்டளை கொண்டு ரெக்கவரியை முடக்கினால், வின்ஆர்இ (விண்டோஸ் மீட்புச் சூழல்) கோப்பு சி டிரைவில் சிஸ்டம்32-க்குள் உள்ள ரெக்கவரி ஃபோல்டருக்கு வரும். வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்த படி. இதைத் தவறவிட்டால் பார்ட்டிஷனோடு அதுவும் போய்விடும். பிறகு டிஸ்க்பார்ட்டில் (diskpart, பார்ட்டிஷன்களை மாற்றும் கருவி) சி-யை 250 எம்பி சுருக்கி, பழைய ரெக்கவரி பார்ட்டிஷனை நீக்கி, சேர்ந்த இடத்தில் புதியதை உருவாக்கி என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்யுங்கள். டிஸ்க்கின் பார்ட்டிஷன் அமைப்பு எம்பிஆர், ஜிபிடி என இரு வகை: எம்பிஆர் டிஸ்க் என்றால் புதிய பார்ட்டிஷனுக்குத் தர வேண்டிய வகை எண் 27. ஜிபிடி என்றால் ரெக்கவரிக்கான நீண்ட அடையாள எண். கடைசியில் ரெக்கவரியை மீண்டும் இயக்குங்கள்.

இந்த வழி சி-க்கு அடுத்தபடியாக ரெக்கவரி இருந்தால் மட்டுமே. முன்னால் இருந்தால் பழையதைத் தொடாமல், சி-யில் 1 ஜிபி சுருக்கிக் கடைசியில் புதிதாக உருவாக்குவதே பாதுகாப்பு.

பிட்லாக்கரே பயன்படுத்தாதவர்களுக்கு அவசரமில்லை: இந்த அப்டேட் அடைப்பது பிட்லாக்கரைத் தாண்டும் ஓட்டையைத்தான்.