ஆப்பிரிக்க நாடுகளை ஒப்பிட எந்த எண்ணை நம்புறது? நைஜீரியா ரெண்டே வருஷத்துல ஏழையாயிருச்சா?

திருநகர் வாசகர்:

எங்க படிப்பு வட்டத்துக்கு ஆப்பிரிக்க நாடுகளோட பொருளாதாரத்தையும் மக்கள் வாழ்க்கைத்தரத்தையும் ஒப்பிட்டு ஒரு சார்ட் போடுறோம். எடுத்துக்கிட்டது நைஜீரியா, பெனின், தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, ருவாண்டா, மொரீஷியஸ், ஈக்வடோரியல் கினி, எரித்திரியா. குரூப் தேர்வுக்குப் படிக்கிறவங்க, காலேஜ் பசங்க எல்லாம் கலந்து வர்ற இடம். தப்பா எழுதி ஒட்டிட்டா அதையே மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருவாங்க.

மூணு இடத்துல முட்டுது. 2022 பட்டியல்ல நைஜீரியாதான் ஆப்பிரிக்காவிலேயே பெரிய பொருளாதாரம், சுமார் 47,700 கோடி டாலர். 2024-ல தென்னாப்பிரிக்கா, எகிப்து, அல்ஜீரியாவுக்குப் பின்னால 4-வது இடம், 25,000 கோடிகூட இல்ல. மீதி எங்க போச்சு?

அடுத்தது, ஈக்வடோரியல் கினியில தலைக்கு ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) இந்தியாவை விட 2 மடங்குக்கு மேல. அப்ப அங்க உள்ளவன் நம்மளை விட நல்லா இருக்கானா?

கடைசியா, ருவாண்டாவுக்கு ஒரு இடத்துல தலைக்கு 1,000 டாலர்னு இருக்கு, இன்னொரு இடத்துல 3,000-க்கு மேல. எதை எழுதுறது?

விளக்குத்தூண் கணக்கர்:

எங்கயும் போகல சார், அவங்க பணமான நைராவோட மதிப்புதான் போச்சு. 2023 ஜூன் வரைக்கும் 1 டாலர் சுமார் 460 நைரான்னு நைஜீரிய மத்திய வங்கி இழுத்துப் பிடிச்சு வச்சிருந்துச்சு. அந்த விலைக்கு வெளிச்சந்தையில டாலர் கிடைக்காது. பிடியை விட்டதும் 2024-ல 1,500-ஐத் தாண்டிருச்சு. ஜிடிபியை அவங்க நைராவுலதான் கூட்டுறாங்க. பட்டியல் போடுறவங்க அதை அந்தந்த வருஷத்து டாலர் விலையால வகுக்குறாங்க. 46,000 நைரா பெறுமான சரக்கு முன்னால 100 டாலர். அதே சரக்கு, அதே விலை, இப்ப 31 டாலர்கூட இல்ல. மூட்டையில ஒரு படி குறையல. விலைவாசியைக் கழிச்ச வளர்ச்சியைப் பாத்தீங்கன்னா அந்த வருஷங்கள்ல சுமார் 3 சதவீதம் ஏறித்தான் இருக்கு.

அதுக்காக சனத்துக்கு ஒண்ணும் ஆகலன்னு எழுதிராதீங்க. 2023 மே கடைசியில பெட்ரோல் மானியத்தை எடுத்தாங்க. 2024-ல உணவுப் பொருள் விலையேற்றம் 40 சதவீதத்தைத் தொட்டுச்சு. அந்த ஜூலையில குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 30,000 நைராவிலிருந்து 70,000 ஆக்கினாங்க. நைராவுல ரெட்டிப்புக்கு மேல. டாலர்ல பாத்தா 65-ல இருந்து 47-க்கு இறங்கிருச்சு. சம்பளம் கூடுச்சா குறைஞ்சுச்சான்னா, அவன் வாங்குறது உள்ளூர்ல விளைஞ்ச மரவள்ளியா இறக்குமதி கோதுமையாங்கிறதைப் பொறுத்தது.

பக்கத்துலேயே பெனினைச் சேர்த்தது நல்ல வேலை. அங்க புழங்குறது மேற்கு ஆப்பிரிக்க ஃபிராங்க். 1 யூரோவுக்கு 655.957 ஃபிராங்க்னு கட்டிப் போட்டது, அசையாது. அதனால 2024-ல தலைக்கு டாலர் கணக்குல பெனின் நைஜீரியாவை முந்திட்டதாத் தெரியும். முந்தல, நைரா சறுக்கினப்ப பக்கத்து வீட்டுக்காரன் நின்ன இடத்துலயே நின்னான், அவ்வளவுதான். கட்டிப் போட்டதுக்கும் ஒரு நாள் வட்டியோட கொடுக்கணும்: 1994 ஜனவரியில அந்த ஃபிராங்கோட மதிப்பை ஒரே அடியாப் பாதியாக் குறைச்சாங்க.

இன்னொரு குழி அடிப்படை ஆண்டு, அதாவது எந்த வருஷத்துப் பட்டியலை வச்சு ஜிடிபியை எண்ணுறாங்கங்கிறது. 2014 ஏப்ரல்ல நைஜீரியா 1990-ஐ விட்டுட்டு 2010-ஐ அடிப்படை ஆண்டா எடுத்துச்சு. 2013-க்கான ஜிடிபி ஒரே நாள்ல 89 சதவீதம் கூடிருச்சு. தென்னாப்பிரிக்காவைத் தாண்டி முதலிடம் வந்ததே அப்பதான். 1990-ல எடுத்த கடைப் பட்டியலை வச்சுக்கிட்டு டவுன்ஹால் ரோட்டை எண்ணினா செல்போன் கடை ஒண்ணுகூட கணக்குல வராதுல்ல, அதேதான். அங்க விட்டுப்போனது செல்போன் கம்பெனிகளும் சினிமாத் தொழிலும். கானா 2010-ல இதைப் பண்ணி சுமார் 60 சதவீதம் கூட்டுச்சு. நைஜீரியா 2025-ல 2019-ஐ வச்சு மறுபடி மாத்திருக்கு. ஆக எட்டு நாட்டுக்கும் ஒரே தளத்துல, ஒரே நாள்ல எண்களை இறக்குங்க. இறக்கின தேதியை சார்ட் மூலையில போடுங்க. ஒரு நாட்டுக்குப் பழசு, இன்னொண்ணுக்குப் புதுசுன்னு கலந்தா மொத்தச் சார்ட்டும் வீண்.

மேலூர்க்காரன்:

ஈக்வடோரியல் கினிக்கு நான் சொல்றேன். எங்க பக்கம் மலையை அறுத்து கிரானைட் கல்லு லாரியில தூத்துக்குடி போச்சு. அந்தக் கல்லோட மதிப்பு முழுசும் இந்த வட்டாரத்து உற்பத்தியிலதான் ஏறும். ஊருக்குள்ள தங்குனது கூலியும் தூசியும். ஜிடிபிங்கிறது எங்க உற்பத்தியாச்சுன்னு பாக்குற எண். காசு யார் கைக்குப் போச்சுன்னு அதுக்குத் தெரியாது.

அங்க கடலுக்கடியில எண்ணெய் எடுக்க ஆரம்பிச்சது 1990-கள் நடுவுல. தலைக்கு ஜிடிபி சட்டுன்னு எங்கயோ போயிருச்சு. எடுக்குறது வெளிநாட்டுக் கம்பெனி, லாபம் வெளியே போகுது. அரசுக்கு வர்ற பங்கு 1979-லிருந்து ஒரே அதிபர் கையில. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுறதுல ஆப்பிரிக்காவிலேயே பின்வரிசை. அதனால ஜிடிபிக்குப் பக்கத்துல ஜிஎன்ஐ, அதாவது மொத்த தேசிய வருமானத்தையும் எழுதுங்க. வெளியே போற லாபத்தைக் கழிச்சு, உள்ளே வர்றதைச் சேர்த்தா வர்ற எண் அது. ரெண்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருந்தா அந்த நாட்டுல சுரங்கமோ எண்ணெய்க் கிணறோ இருக்கான்னு தேடிப் பாருங்க.

போட்ஸ்வானாவும் தோண்டி எடுக்குற நாடுதான், வைரம். 1966-ல சுதந்திரம் கிடைச்சப்ப தார் ரோடு 12 கிலோமீட்டர்தான் இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. அடுத்த வருஷமே ஒராபாவுல வைரம் கிடைச்சுச்சு. அதை எடுக்குற டெப்ஸ்வானா கம்பெனியில அரசுக்கும் டி பியர்ஸ்ங்கிற வைரக் கம்பெனிக்கும் பாதிப் பாதி. வந்த காசுல பள்ளிக்கூடம், ரோடு; மிச்சத்தை 1994-ல பூலா நிதின்னு தனியா ஒதுக்கினாங்க. அப்படிப்பட்ட நாட்டுக்கும் ஒரு சறுக்கல் உண்டு, அதை டீச்சர் சொன்னா சரியா இருக்கும். இப்ப லேப்ல செய்யுற வைரம் விலையை உடைச்சதுல 2024-ல அவங்க பொருளாதாரம் சுமார் 3 சதவீதம் சுருங்கிருச்சு.

ஒத்தக்கடை டீச்சர்:

மேலூர்த் தம்பி சொன்ன சறுக்கல் எச்.ஐ.வி. 1990-களில் போட்ஸ்வானாவின் தலா வருமானம் ஏறிக்கொண்டே போனது. சராசரி ஆயுள் 60-க்கு மேலிருந்து 2000 வாக்கில் 50 அளவுக்கு விழுந்தது. வருமானத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அது வெற்றிக்கதை. 2002-இல் அரசே கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆயுள் மீண்டது.

இப்படி வருமானம் ஒரு பக்கமும் உயிர் ஒரு பக்கமும் இழுப்பதைப் பிடிக்கத்தான் மனித மேம்பாட்டுக் குறியீடு. மாணவர்கள் விடையை மட்டும் எழுதிக்கொண்டு போவார்கள்; ஒரு தடவை கையால் போட வையுங்கள். ஐ.நா. அறிக்கையின் 2022 எண்களில் நைஜீரியாவும் ருவாண்டாவும் ஒரே மதிப்பு, 0.548. உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஆயுள்: 20-ஐக் கழித்து 65-ஆல் வகுக்க வேண்டும். நைஜீரியா 53.6, ஆகவே 33.6 / 65 = 0.52. ருவாண்டா 67.1, ஆகவே 0.72.

கல்வி: குழந்தை படிக்கும் என எதிர்பார்க்கும் ஆண்டுகளை 18-ஆலும், பெரியவர்கள் படித்து முடித்த சராசரி ஆண்டுகளை 15-ஆலும் வகுத்து, இரண்டின் சராசரி. நைஜீரியா சுமார் 0.545, ருவாண்டா சுமார் 0.48.

வருமானம்: இங்கே லாக் (மடக்கை) உண்டு. வாங்கும் சக்திக் கணக்கில் தலா தேசிய வருமானத்தை 100-ஆல் வகுத்து லாக் எடுத்து, 750-இன் லாகால் வகுக்க வேண்டும். நைஜீரியா சுமார் 4,750 டாலர், 0.58. ருவாண்டா சுமார் 2,300, 0.47.

மூன்றையும் பெருக்கி கனமூலம் எடுங்கள். கூட்டி மூன்றால் வகுத்தால் தப்பு. இரண்டு நாட்டுக்கும் ஏறக்குறைய 0.55 வரும். ஒரு நாட்டில் காசு இரண்டு மடங்கு, இன்னொன்றில் ஆயுள் 13 ஆண்டு கூடுதல். சார்ட்டில் 0.548 என்று இரண்டு கட்டத்திலும் எழுதி வைத்தால் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. மூன்று உள் எண்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு புதிய அறிக்கையிலும் பழைய ஆண்டுகளின் எண்களையும் திருத்திவிடுவார்கள், அதனால் இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்து ஒரு நாடு ஏறியது, இறங்கியது என்று சொல்லக்கூடாது.

உங்கள் 1,000-க்கும் 3,000-க்கும் விடையும் இதிலேயே இருக்கிறது. 1,000 என்பது சந்தை டாலர் விலையில். மற்றது பிபிபி, வாங்கும் சக்தியில். முடி வெட்டுகிற வேலை ருவாண்டாவின் தலைநகர் கிகாலியிலும் லண்டனிலும் ஒன்றுதான், கூலி வேறு. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டினால் 3,000 வரும். வாழ்க்கைத்தரத்துக்கு பிபிபி. கடன், பெட்ரோல், மருந்து இறக்குமதி என்று டாலர் எண்ணிக் கொடுக்க வேண்டியதற்குச் சந்தை விலை. பிபிபியிலும் 2017, 2021 என்று இரண்டு அடிப்படை புழக்கத்தில் இருக்கின்றன. உலக வங்கியின் வறுமைக்கோடு 2017 கணக்கில் நாளுக்கு 2.15 டாலர், 2025 ஜூன் முதல் 2021 கணக்கில் 3 டாலர். பழைய கோட்டையும் புதிய எண்ணையும் கலந்தால் ஒரே இரவில் கோடிக்கணக்கானவர்கள் ஏழையானது போல் தெரியும்.

சிம்மக்கல் பழைய பேப்பர்:

எல்லாரும் சராசரியிலேயே நிக்கிறீங்க. தென்னாப்பிரிக்காவுக்கு சராசரி எழுதுறது, ஏசி ரூம்லயும் அடுப்படியிலயும் வெப்பமானி வச்சுக் கூட்டி ரெண்டால வகுக்குற மாதிரி. ஜோகன்னஸ்பர்க்ல சாண்ட்டன்னு பெரும் பணக்காரப் பேட்டை. நெடுஞ்சாலைக்கு அந்தாண்ட அலெக்சாண்ட்ரா, தகரக் கொட்டகை. ஏற்றத்தாழ்வை அளக்குற ஜினி எண் (0-ன்னா எல்லாருக்கும் சமம், 100-ன்னா எல்லாம் ஒருத்தர் கையில) அங்க 63 (2014 கணக்கெடுப்பு), உலகத்துலேயே அதிகமான வரிசை. போட்ஸ்வானா 53 (2015). மொரீஷியஸ் 37 (2017). கணக்கெடுத்த வருஷத்தைப் பக்கத்துலேயே போடணும், ஏன்னா இதெல்லாம் வருஷா வருஷம் எடுக்குறதில்ல.

வீட்டுக்குள்ள போய்ப் பாக்கணும்னா பல்பரிமாண வறுமைக் குறியீடு. பத்து கேள்வி. உடல்நலம் 2, படிப்பு 2, ஒவ்வொண்ணுக்கும் ஆறுல ஒரு பங்கு. வாழ்க்கை வசதி 6, ஒவ்வொண்ணுக்கும் பதினெட்டுல ஒரு பங்கு: அடுப்பெரிக்கிறது விறகா கரியா சாணியா, கக்கூஸ் சொந்தமா, பக்கத்து வீட்டோட பொதுவா (பொதுன்னா இல்லைன்னுதான் கணக்கு), தண்ணி எடுத்துட்டு வர 30 நிமிஷத்துக்கு மேல ஆகுதா, கரண்டு, தரை, சுவர், கூரை எதுல, வீட்டுச் சாமான். மொத்தம் மூணுல ஒரு பங்கு சேர்ந்துட்டா அந்த வீடு ஏழை. ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகல (1/6), விறகடுப்பு, மண் தரை, கக்கூஸ் இல்ல (3/18). சரியா கோட்டைத் தொட்டுருச்சு. பாட்டி வீட்டு சாணி மெழுகின தரையும் இதுல குறைதான், வாசம் நல்லா இருந்துச்சுன்னு மார்க் போட மாட்டாங்க.

கரண்டு கேள்வியை மட்டும் அப்படியே நம்பாதீங்க. இணைப்பு இருக்கான்னுதான் கேக்குறான், எத்தனை மணி நேரம்னு இல்ல. தென்னாப்பிரிக்காவுல கம்பி இழுத்த வீடுகள்ல 2023-ல வருஷத்துல பாதிக்கும் மேலான நாள்கள்ல சுழற்சி முறை மின்வெட்டு. நைஜீரியாவுல 2024 ஏப்ரல்ல நாளுக்கு 20 மணி நேரம் கொடுக்குறோம்னு ஒரு முதல் வகுப்பே உண்டாக்கி யூனிட்டுக்கு 225 நைரா போட்டாங்க. 20 மணி நேரம் அங்க தனிச் சலுகைன்னா மத்தவங்க நிலைமை விளங்கிக்கலாம்.

அப்புறம் தலைக்குன்னு வகுக்குறீங்களே, தலையை யார் எண்ணுனா? நைஜீரியாவுல கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2006. காங்கோவுல, கின்ஷாசா தலைநகரா உள்ளதுல, 1984!

கூடல்நகர் ராஜா:

குறுக்க ஒரு கேள்வி. லாகோஸ்ல வேலைன்னு ஏஜென்ட் மூலமா நம்ம பக்கத்துப் பசங்க நிறையப் போறாங்க. சம்பளம் ஒத்துவருமான்னு பாக்க பிபிபி உதவுமா?

விளக்குத்தூண் கணக்கர்:

உதவாது தம்பி. ஊருக்கு அனுப்புற காசு சந்தை விலையிலதான் மாறும். ஒப்பந்தத்துல சம்பளம் டாலரா நைராவான்னு முதல்ல பாக்கச் சொல்லுங்க. நைரான்னா, டாலர் விலை மாறினா திருத்துவாங்கன்னு எழுத்துல இருக்கணும். 2023-ல நைராவுல கையெழுத்துப் போட்டவங்களுக்கு ஒரே வருஷத்துல மூணுல ரெண்டு பங்கு காத்துல போச்சு. லாகோஸ்ல வீட்டு வாடகையை ஒரு வருஷத்துக்கு முன்பணமா மொத்தமாக் கேக்குறது வழக்கம், அதை யார் கொடுக்குறா? ஜெனரேட்டருக்கு டீசல் யார் செலவு? இந்த மூணுக்கும் பதில் தெரியாம சம்பளத்தை ரூபாயில பெருக்கிப் பாக்குறது வேண்டாம்.

திருநகர் வாசகர்:

எல்லாருக்கும் நன்றி. நாட்டுக்கு ஆறு கட்டம் வச்சுக்கிறேன்: பிபிபியில தலா ஜிஎன்ஐ, ஆயுள், படிப்பு ஆண்டுகள், ஜினி (வருஷத்தோட), பல்பரிமாண வறுமை, கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மொரீஷியஸ் பத்தி யாருமே பேசலையே? எரித்திரியாவுக்குப் பாதி கட்டம் காலியா வருது, என்ன பண்றது?

ஒத்தக்கடை டீச்சர்:

மொரீஷியஸில் சண்டை போட ஒன்றும் இல்லை, அதனால்தான் விட்டுவிட்டோம். கரும்பை மட்டும் நம்பியிருந்த தீவு 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் போட்டு ஆடைத் தொழிலுக்கு வந்தது, பிறகு சுற்றுலா, நிதிச் சேவை. நடுவில் மேல்நிலைக் கல்வியையும் இலவசமாக்கினார்கள். 2020-இல் உலக வங்கியின் உயர் வருமானப் பட்டியலில் ஏறியது. கொரோனா சுற்றுலாவை முடக்கியதால் அடுத்த ஆண்டே இறங்கியது. இப்போது ஆப்பிரிக்காவில் அந்தப் பட்டியலில் இருப்பது செஷல்ஸ் மட்டும். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழும் இருக்கும்; அந்தப் படத்தை ஒட்டினால் பசங்க நின்று பார்ப்பார்கள்.

எரித்திரியாவுக்கு உலக வங்கியின் ஜிடிபி எண் 2011-ஓடு நின்றுவிட்டது. பழைய எண்ணை இழுத்து நிரப்ப வேண்டாம். கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போடுங்கள். எக்செல்லில் சைபர் அடித்துவிடாதீர்கள், சராசரியில் அதையும் சேர்த்துக்கொண்டு மொத்த ஆப்பிரிக்காவையும் கீழே இழுத்துவிடும்.