டெபியன் பொதிகளின் பதிப்பெண்: உறுப்பினர் அனுபவங்கள்

உறுப்பினர் 1

எங்கள் அலுவலக சர்வர்களில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ளது. வெளி நிறுவனம் ஒன்று தன் மென்பொருளின் சோதனை வெளியீட்டுக்கு ‘2.0ஆர்சி1’ என்று எண்ணிட்டு அனுப்பியிருந்தது. பிறகு முழுமையான 2.0 வந்து, அதைக் களஞ்சியத்தில் ஏற்றியும், ஒரு சர்வர்கூட அதற்கு மாறவில்லை. டெபியனில் மென்பொருள் பொதிகளை நிறுவும் கருவியான டிபிகேஜி பதிப்பெண்ணை எழுத்துப் பகுதி, இலக்கப் பகுதி என்று மாறி மாறிப் பிரித்து ஒப்பிடுகிறது. இலக்கங்களை முழு எண்ணாகக் கொள்வதால் 1.9-ஐ விட 1.10 புதியதாகிறது, அதே முறையில், 2.0-க்குப் பின் எழுத்துகள் தொடர்ந்தால், வெறும் 2.0-ஐ விட அதுவே புதியது என்று முடிவாகிறது. டில்டே (~) குறி இருப்பதே இதற்காகத்தான். பதிப்பெண் அத்துடன் முடிந்துவிடுவதைக் காட்டிலும் டில்டே முந்தையதாகக் கருதப்படுவதால், ‘2.0~ஆர்சி1’ என்று எழுதியிருந்தால் 2.0 தானாகவே நிறுவப்பட்டிருக்கும். பொதியை வெளியிடுமுன் இரு எண்களையும் டிபிகேஜியிடமே கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த வசதி அதிலேயே உண்டு.

உறுப்பினர் 2

பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டிய நிலை இதைவிடக் கடினமானது. 2024 மார்ச் இறுதியில் கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (கள்ளத்தனமாக உள்ளே நுழையும் வழி) இருப்பது வெளிப்பட்டபோது, என் மடிக்கணினியில் டெபியனின் நிலையற்ற கிளை (புதிய பொதிகள் முதலில் வந்து சேரும் பிரிவு) இருந்தது. அன்று வந்த திருத்தப் பொதியின் எண் ‘5.6.1+ரியலி5.4.5-1’. உள்ளே இருப்பது 5.4.5, ஆனால் 5.6.1 நிறுவியிருந்த கணினிகள் அதைப் புதியதாக ஏற்க வேண்டும் என்பதால் முன்பகுதி அப்படியே விடப்பட்டிருந்தது. பார்வைக்கு அழகில்லை என்றாலும், அவசரத்தில் அந்த ஏற்பாடு சரியாக வேலை செய்ததை நேரில் கண்டேன்.

உறுப்பினர் 3

அந்த இடத்தில் எபோக் சேர்த்திருக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. சேர்க்காததே நல்லது என்பேன். எபோக் என்பது முன்னால் முக்காற்புள்ளியுடன் வரும் எண்; அது பெரியதாக இருந்தால் பின்னால் உள்ள எதுவும் பொருட்டல்ல. ஒருமுறை சேர்த்துவிட்டால் பிறகு நீக்கவே முடியாது. டெபியன் 12 வெளியானபோது, உரை திருத்தியான விம் பொதியின் எண் ‘2:9.0.1378-2’ என்றே இருந்தது. ஆனால் பொதி அடங்கிய டெப் கோப்பின் பெயரில் அந்த ‘2:’ இடம்பெறாது. கோப்புப் பெயரிலிருந்து பதிப்பைப் பிரித்தெடுக்கும் ஸ்கிரிப்ட் எழுதுவோர் இதை முதலிலேயே கவனிக்க வேண்டும்.