பந்து பட்டால் முழுக் கண்ணாடியும் போகிறது, கல் பட்டால் ஓட்டை மட்டும்?

கேள்வி: மகன் அடித்த பந்தில் ஜன்னல் கண்ணாடி நீளநீளத் துண்டுகளாக விழுந்தது. போன வருஷம் வேகமாகத் தெறித்த சின்னக் கல் ஓர் ஓட்டையோடு நின்றுவிட்டது. அதுவும் உள்பக்கம் அகலமாக, புனல் மாதிரி. ஏன்?

பதில்: பந்து மெதுவானது, கண்ணாடி முழுதும் வளைய நேரம் கிடைக்கிறது. வளையும்போது பின்பக்கம் இழுபடும். விரிசல் அங்கே தொடங்கி நட்சத்திரம் போல ஓடும். வேகமான கல் பட்ட இடத்தையே கூம்பாகப் பெயர்த்துவிடும். உங்கள் புனல் அதுதான்.

இன்னொருவர்: கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களே காரணம் என்று 1921இல் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் விளக்கினார்.

கேட்டவர்: அப்போ டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிப் பலப்படுத்திய கண்ணாடி, போடலாமா?

பதில்: போடலாம். ஓரத்தை மட்டும் பத்திரமாகப் பாருங்கள். என் குளியலறைக் கதவின் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் நழுவிப் பட்டது, அவ்வளவுதான், மொத்தமும் பொடிக்கற்களாக உதிர்ந்தது. பெருக்கவே ஒரு மணி நேரம்!