வெள்ளிக்கிழமை கச்சான் தோட்டத்துக்கு என்ன கட்டுவது?

குழு: விசுவமடு வீடு

திங்கட்கிழமை

ராசாத்தி (விசுவமடு), மாலை 6:10
எல்லாருக்கும் வணக்கம். வருகிற வெள்ளி கச்சான் பிடுங்குகிறோம். 22 பேர் வருகிறார்கள். பத்து மணிச் சாப்பாட்டுக்கு ஒரு யோசனை சொல்லுங்கோ. போன முறை சோறும் கறியும் பார்சல் கட்டினேன். எல்லாருடைய கையிலும் மண். கானில் கொண்டு போன தண்ணீரில் ஒவ்வொருவராகக் கை கழுவி முடியவே அரை மணித்தியாலம் போய்விட்டது. பருப்புக்கறியும் ஒழுகிப் பார்சல் ஊறிப் போனது. இந்த முறை கையில் பிடித்துக் கடித்துச் சாப்பிட வேண்டும், வயிறும் நிறைய வேண்டும். பணிஸ் வேண்டாம். வெயிலில் குனிந்து நிற்கிற ஆட்களுக்குப் பணிஸ் காணாது.

கஜன் (டோகா), 6:14
அக்கா, சுற்றிக் கொடுங்கோ. இங்கே நாங்கள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் வாங்குவது பராட்டா. உள்ளே முட்டை, சீஸ், அதுக்கு மேல் ஓமான் சிப்ஸை நொறுக்கிப் போட்டு இறுக்கிச் சுற்றித் தருவார்கள். கூட ஒரு கரக் தேத்தண்ணி. மதியம் மட்டும் தாங்கும்.

கஜன் (டோகா), 6:15
முக்கியம் என்னவென்றால், கடதாசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டு சாப்பிடுவோம். கை சாப்பாட்டில் படாது. எங்கள் கையிலும் சீமெந்துதானே.

ராசாத்தி, 6:17
அது நல்ல விசயம் தம்பி. கடதாசிக்குப் பதிலாக வாட்டிய வாழையிலை வைக்கலாம்.

குணம் மாமா (பாரிஸ்), 6:40
பிள்ளை, இப்போதுதான் வேலை இடைவேளை. இங்கே கட்டட வேலைக்காரர் மதியத்தில் சாப்பிடுவது நீட்டுப் பாண். அதைப் பிளந்து வெண்ணெய் பூசி, பன்றி இறைச்சித் துண்டு வைப்பார்கள். அவ்வளவுதான். வெண்ணெய் ருசிக்கு மட்டும் இல்லை. பாணுக்குள் ஈரம் இறங்காமல் அது மறிக்கும். நீ எதைச் சுற்றினாலும் இதை மனதில் வைத்துக்கொள். ஈரமான கறி, நேரே பாணில் பட்டால் ஒரு மணித்தியாலத்தில் களியாகிவிடும்.

குணம் மாமா (பாரிஸ்), 6:42
இந்த நீட்டுப் பாணுக்குச் சட்டமே இருக்கிறது. 1993இல் போட்டது. "ட்ரடிசியோன்" என்று விற்க வேண்டுமென்றால் மா, தண்ணீர், உப்பு, புளிக்க வைக்கிற ஈஸ்ட் அல்லது புளித்த மா. மருந்து ஒன்றும் சேர்க்கக் கூடாது. 2023இல் பாரிஸ் நகரத்தின் சிறந்த பாண் என்று பரிசு எடுத்தவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. 20ஆம் வட்டாரத்தில் கடை. ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்கு அவருடைய பாண்தான் போனது. அந்தச் செய்தி வந்த நாள் எங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற தமிழ்ப் பெடியள் எல்லாரும் கை தட்டினோம்.

மகேஸ் பெரியம்மா (கிளிநொச்சி), 6:50
குணம், அந்தப் பிள்ளை நல்லா இருக்க வேண்டும். ராசாத்தி, நீ சூரை மீன் வாங்கித் தண்ணீர் வற்றப் பிரட்டி ரொட்டிக்குள் வை.

குணம் மாமா (பாரிஸ்), 6:58
அக்கா சொல்வது சரி. வியட்நாம்காரர் அப்படித்தான் செய்தார்கள். பிரெஞ்சுக்காரர் கொண்டு போன பாணை எடுத்து, கரட்டும் வெள்ளை முள்ளங்கியும் புளிக்காடியில் ஊறப் போட்டு, கொத்தமல்லி, பச்சை மிளகாய் எல்லாம் வைத்துத் தங்களுடைய சாப்பாடு ஆக்கிவிட்டார்கள். பான் மி என்று பெயர். 13ஆம் வட்டாரத்தில் நான் கிழமைக்கு ஒருக்கால் வாங்குவேன். அந்தப் புளிப்பை மட்டும் விட்டுவிடாதே. வெயிலுக்குள் வாய்க்கு ருசியே அதுதான்.

மகேஸ் பெரியம்மா, 7:20
பொறு பிள்ளை. வெள்ளி என்றா சொன்னாய்? அது தை வெள்ளி. பாதிப் பேர் மச்சம் தொடமாட்டார்கள். நானே சூரை என்று சொல்லிவிட்டேன்.

ராசாத்தி, 7:22
ஐயோ, ஓம் பெரியம்மா. முட்டையும் இல்லை.

நிலா (வவுனியா), 7:31
அக்கா, மரக்கறியிலேயே கனக்க இருக்கிறது. தென்னாபிரிக்கா டேர்பனில் பனி சௌ என்று ஒன்று. அரை இறாத்தல் பாணைக் குடைந்து உள்ளே கறி ஊற்றுவார்கள். ஆட்டிறைச்சியும் இருக்கும், பீன்ஸ் கறியும் இருக்கும். 1860இல் மதராசிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு முதல் கப்பல் போனதே, அந்தச் சனத்தின் வழியில் வந்த சாப்பாடு. கறுப்பின மக்களைக் கடைக்குள் இருந்து சாப்பிட விடாத காலத்தில், கையில் கொடுத்து அனுப்பப் பாணையே பாத்திரமாக்கினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். வாசித்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது.

மகேஸ் பெரியம்மா, 7:34
பாவங்கள்.

ராசாத்தி, 7:36
நல்லது நிலா, ஆனால் அதைப் பிய்த்துத் தோய்த்துத்தானே சாப்பிட வேண்டும்? கை கழுவுகிற பிரச்சினை திரும்ப வரும்.

தவம் (ரொறன்ரோ), 8:05
இப்போதுதான் பார்த்தேன். ராசாத்தி, ஸ்காபரோவில் ட்ரினிடாட்காரருடைய ரொட்டிக் கடைகள் இருக்கின்றன. அவர்களுடைய டபிள்ஸ், மஞ்சள் சேர்த்துப் புளிக்க வைத்துப் பொரித்த இரண்டு மெல்லிய ரொட்டி, நடுவில் கடலைக்கறி. 1936இல் பிரின்சஸ் டவுனில் டீன் என்கிற குடும்பம் தொடங்கியது. ருசி அந்த மாதிரி. ஆனால் கறி வழியும், சாப்பிட்டு முடிய முழங்கை மட்டும் ஒழுகும். தோட்டத்துக்குச் சரிவராது.

தவம் (ரொறன்ரோ), 8:09
தோட்டத்துக்குச் சரிவருவது வேறு ஒன்று. என்னோடு வேலை செய்கிற நைஜீரியாக்காரர் சனிக்கிழமைகளில் அகாரா கொண்டு வருவார். கௌபியை ஊறப் போட்டு, தோலைக் கழற்றி, அவிக்காமல் பச்சையாக அரைத்து, வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பொரிக்கிற வடை. அதைப் பாணுக்குள் வைத்து நசுக்கிச் சாப்பிடுவார். முதல் நாள் வாயில் வைத்தவுடன் எனக்கு அம்மாவுடைய அடுப்படிதான் ஞாபகம் வந்தது. அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போன சனத்தோடு அதே வடை பிரேசிலுக்கும் போயிருக்கிறது. பாயியா என்கிற இடத்தில் பெண்கள் வெள்ளை உடுப்போடு தெருவில் இருந்து பொரித்து, வடையையே பிளந்து உள்ளே இறால் வைத்துக் கொடுப்பார்கள். அங்கே அக்கராஜே என்று பெயர்.

ராசாத்தி, 8:12
கௌபியா அண்ணா? வீட்டில் ஒரு மூடை கிடக்கிறது. எங்கள் காணியில் விளைந்தது.

குணம் மாமா (பாரிஸ்), 8:15
இங்கே மறே பக்கத்தில் பலாபல் கடைக்கு முன்னால் சனம் வரிசையில் நிற்கும். அதுவும் கடலையை ஊறப் போட்டுப் பச்சையாக அரைப்பதுதான். அவித்து அரைத்தால் எண்ணெய்க்குள் கரைந்துவிடும். பருப்பு வடை சுடுகிற எங்களுக்கு இதை ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. அதை ரொட்டிக்குள் வைத்து, எள்ளை அரைத்த கூழ் ஊற்றுவார்கள்.

ராசாத்தி, 8:18
எள்ளு வேண்டாம் மாமா. கச்சான் தோட்டத்தில் நின்று சாப்பிடுகிற சாப்பாட்டில் கச்சான் இருக்க வேண்டும். போன வருடத்துக் காய்ந்த கச்சான் இருக்கிறது. வறுத்து, செத்தல் மிளகாய், உள்ளி, பழப்புளி வைத்துக் கட்டியாக அரைக்கிறேன். ரொட்டியில் முதலில் அதைப் பூசினால் மாமா சொன்ன வெண்ணெயின் வேலையையும் அது செய்யும்.

தவம், 8:19
அதுதான் சரி!

செவ்வாய்க்கிழமை

ராசாத்தி, இரவு 7:45
வெள்ளோட்டம் பார்த்தேன். கௌபி கால் கிலோ. வடை உடைந்துவிட்டது. தேங்காய்ப்பூ ரொட்டி மடிக்க இரண்டாகப் பிளந்தது.

மகேஸ் பெரியம்மா, 7:52
அரைக்கும்போது தண்ணீர் விட்டிருப்பாய். ஒரு சொட்டும் விடாதே. கால்வாசியை ஒன்றிரண்டாக அரைத்து எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை மையாக அரைத்து இரண்டையும் பிசை. ரொட்டிக்குத் தேங்காய்ப்பூவும் வேண்டாம். தேங்காய்ப்பூ ரொட்டி பிய்த்துச் சாப்பிடுவதற்கு. சுற்றுவதற்குக் கோதுமை மாவைக் கொதிதண்ணீரில் குழைத்து, எண்ணெய் தடவி ஒரு மணித்தியாலம் மூடி வை. சுட்டவுடன் துணிக்குள் அடுக்கு. மத்தியானம் மட்டும் மெதுவாகக் கிடக்கும். நாங்கள் முரசுமோட்டையில் அரிவு வெட்டுக்கு அப்படித்தான் கட்டினோம். உள்ளே இடிச்ச சம்பலும் வெங்காயமும் மட்டும். அது இரண்டு தின்றால் பின்னேரம் வரைக்கும் பசி தெரியாது.

கஜன், 8:01
பெரியம்மா, இதை நீங்கள் ஒரு நாளும் சொல்லவில்லையே?

மகேஸ் பெரியம்மா, 8:03
நீங்கள் கேட்கவில்லையே தம்பி.

நிலா, 8:20
அக்கா, கணக்குப் போட்டுத் தரட்டா? ஆளுக்கு 2 என்றால் 44. பிள்ளைகளுக்கும் சேர்த்து 50 வையுங்கோ. ஒரு ரொட்டிக்கு 70 கிராம் மா, மொத்தம் 3½ கிலோ. ஒன்றுக்கு 2 வடை, மொத்தம் 100 வடை. 2 கிலோ கௌபி ஊறினால் காணும். வியாழன் பின்னேரமே ஊறப் போடுங்கோ.

புதன்கிழமை

ராசாத்தி, மாலை 5:30
படம்
திரும்பச் செய்தேன். வடை உடையவில்லை. ரொட்டியும் மடிகிறது. கரட்டும் வெள்ளை முள்ளங்கியும் சீவி, தேசிக்காய்ப் புளி, உப்பு, கொஞ்சம் சீனியில் ஊற வைத்தேன். வெள்ளி அன்று அதை நன்றாகப் பிழிந்துதான் உள்ளே வைப்பேன்.

குணம் மாமா, 5:48
பாரிஸில் நான் காசு கொடுத்து வாங்குவதைவிட வடிவாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை

ராசாத்தி, காலை 10:42
படம்
படம்
இலையோடு சுருட்டி வாழைநாரால் கட்டிக் கொடுத்தேன். கை கழுவக் காத்திருக்கவில்லை. வேலிக்கரைப் பாலை மர நிழலில் இருந்து இலையை உரித்து உரித்துச் சாப்பிட்டார்கள். இருபது நிமிடத்தில் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். விரதக்காரரும் சாப்பிட்டார்கள்.

தவம், 10:50
என்ன சொன்னார்கள்?

ராசாத்தி, 10:53
கச்சான் சம்பல் இன்னும் கொஞ்சம் உறைப்பாக இருக்கலாம் என்றார்கள். பக்கத்துக் காணி அம்மா ஒருவர் இரண்டாவதைச் சாப்பிடாமல் மடியில் வைத்திருந்தார். கேட்டேன். பள்ளிக்கூடத்தால் வருகிற பேத்திக்காம். மிஞ்சியது ஆறு இருந்தது, அதையும் அவருக்கே கட்டிக் கொடுத்துவிட்டேன்.

மகேஸ் பெரியம்மா, 10:55
நல்லது செய்தாய் பிள்ளை.

நிலா, 11:02
நாளைக்குக் கச்சான் ஆய்வதற்கும் இதே ஆட்கள்தானே அக்கா?

ராசாத்தி, 11:06
ஓம், 15 பேர். பெரியம்மா, நாளைக்குச் சூரை வாங்கட்டா?

மகேஸ் பெரியம்மா, 11:07
வாங்கு. முள்ளு எடுத்துவிட்டுப் பிரட்டு. நான் முதல் பஸ்ஸில் வருகிறேன்.