ஃபீலோவுக்கு ‘மாவேடு’

> ‘அடுக்குமாவு’ என்றே வைத்துவிடலாமே? தின்னும்போது அடுக்கடுக்காகத்தானே உதிர்கிறது?

வணக்கம் ஐயா. ஃபீலோ என்னும் மிக மெல்லிய கிரேக்க மாவுத்தாளுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் பேச்சில் நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

உதிர்வது சுட்ட பண்டம். நாம் பெயர் தேடுவது சுடுவதற்கு முந்திய மாவுக்கு. ஃபீலோ ஒற்றைத் தாள். அதற்குள் அடுக்கே கிடையாது. கோதுமை மாவு, தண்ணீர், கொஞ்சம் எண்ணெய், சிறிது வினிகர், அவ்வளவுதான். ஈஸ்ட் சேர்ப்பதில்லை. பிசைந்து ஊறவிட்டு, நீண்ட மெல்லிய கட்டையில் சுற்றிச் சுற்றித் தேய்த்து, அடியில் வைத்த கை தெரியும் அளவுக்கு மெலிதாக்குகிறார்கள். அடுக்குவது சமைப்பவர் வேலை. ஒரு தாளை விரித்து, உருக்கிய வெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ தடவி, மேலே அடுத்ததை வைக்கிறார். சூட்டில் மாவின் ஈரம் ஆவியாகிப் போக, இடையிலுள்ள கொழுப்பு தாள்களை ஒட்டவிடாமல் பிரித்து வைக்கிறது. கீரையும் ஃபெட்டா பாலாடைக்கட்டியும் வைத்த ஸ்பனகோபிதா என்ற கிரேக்கப் பண்டம் மொறுமொறுப்பது அதனால்தான்.

‘அடுக்குமாவு’ நல்ல சொல், ஆனால் அது பஃப் பேஸ்ட்ரிக்கு உரியது. அங்கே வெண்ணெயை மாவுக்குள் வைத்து மடித்து மடித்துத் தேய்க்கிறோம். அடுக்கு மாவிலேயே இருக்கிறது. அதை ஃபீலோவுக்குக் கொடுத்துவிட்டால் நம் பேக்கரி முட்டை பஃப்ஸின் மாவை என்னவென்று சொல்வது?

> கிரேக்கத்தில் ஃபீலோ என்றால் இலை. ஆகவே ‘இலைமாவு’.

பொருள் சரி. ஆனால் படிப்பவர் முருங்கையிலையைக் காயவைத்து அரைத்த பொடி என்று எண்ணிவிடுவார்.

என் பரிந்துரை ‘மாவேடு’. கிரேக்கச் சொல் இலையையும் தாளையும் ஒருசேரக் குறிப்பது. நம்மிடம் ஏடு அப்படியே இருக்கிறது: பனையோலையும் ஏடு, பூவிதழும் ஏடு, புத்தகத்தின் தாளும் ஏடு. பாலேடு என்ற வழக்கால் சமையலறைக்கும் அது புதிதல்ல. சமையற்குறிப்பில் போட்டுப் பார்த்தேன்: “மாவேடு சீக்கிரம் காய்ந்து நொறுங்கும், ஈரத்துணியால் மூடிவையுங்கள்”, “ஆறு மாவேடுகளை அடியில் விரியுங்கள்”. எங்கும் இடறவில்லை. கிராமங்களில் சற்றுத் தடிப்பாகத் தேய்க்கும் ஹொரியாட்டிகோ வகையை நாட்டு மாவேடு எனலாம்.

கதாயிஃபிக்கும் சேர்த்தே முடிவு செய்துவிடுவோம். நீர்த்த மாவை நுண்துளைகள் வழியே சூடான தட்டில் இழையிழையாக ஊற்றி எடுப்பது அது. ‘மாவிழை’ பொருந்தும்.

ஃபீலோவால் செய்யும் பக்லாவா, கலக்டோபூரெகோ போன்ற இனிப்புகளின் பெயர்களில் கைவைக்க வேண்டாம். துருக்கியரின் யுஃப்காதான் எனக்கு முடிவாகவில்லை. ஃபீலோவுக்கு நெருங்கிய உறவு, ஆனால் பெரும்பாலும் தடிப்பு கூடியது. மாவேடு என்பதிலேயே அதையும் அடக்கலாமா? தேய்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.