ஊசியைத் தவிர்க்கும் மகன்

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்): முதல் வகை நீரிழிவு உள்ள என் மகன், பள்ளியில் நண்பர்கள் பார்ப்பார்களே என்று வெட்கப்பட்டு இன்சுலினைத் தவிர்த்துவிட்டு, போட்டதாகச் சொல்கிறான். கண்டிப்பதா, உளவியலாளரிடம் அழைத்துச் செல்வதா? அவனுடைய அக்காவும் இப்போது வீட்டில் சரியாகப் பேசுவதில்லை.

மறுமொழி: கண்டிக்க வேண்டாம், அம்மா. இன்சுலின் தவறினால் இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலப்பொருள் மிகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இப்போதைக்குப் பெரியவர் ஒருவர் உடனிருந்து கவனிப்பது அவசியம். அது தண்டனையன்று என்பதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள். உளவியலாளருக்கான பரிந்துரைக் கடிதத்தை நீரிழிவு மருத்துவரிடமே கேளுங்கள்.

மற்றொரு மறுமொழி: உடன்படுகிறேன், ஆனால் அக்காவை விட்டுவிட்டீர்களே! தம்பிக்கு நோய் தன்னால்தான் வந்ததோ என்று உடன்பிறந்த பிள்ளைகள் உள்ளுக்குள் அஞ்சுவதுண்டு. உடலின் நோயெதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களை அழிப்பதால் வருவது இது, எவருடைய தவறும் அன்று என்று அவளுக்கு விளக்குங்கள். (கண்ணேறு என்று சொல்லும் உறவினர்களுக்கும்தான்.)

கேள்வி கேட்டவர்: நன்றி. அடுத்த கிளினிக் நாளில் இருவரையுமே அழைத்துச் செல்கிறேன்.